தடித்த கேஸ்கெட்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்தொன்பது நாளாக யாரும் சாப்பிடவில்லை. மேசைமேல் ஒரு என்ஜின் கிடந்தது. முழுசாக இல்லை, பிரித்துப் பரப்பி. பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் நாலு பிஸ்டன், நாலு ராடு, பதினாறு வால்வு, எல்லாம் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அட்டைத் துண்டில் எண். நாங்கள் தரையில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். எனக்கு முட்டி வலி. கேட்பார் யாருமில்லை.

நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவன். கண்ணாடிக் கடையில் வேலை. கண் பார்த்து, பவர் எழுதி, லென்ஸ் தேய்த்து மாட்டிக் கொடுப்பேன். வாடகையோடு ராத்திரிச் சாப்பாடும் அவர்களோடு என்று ஏற்பாடு. அதனால் அந்த வீட்டில் என்ன நடந்தாலும் என் தட்டில் வந்து விழும்.

வீட்டுக்காரர் மெக்கானிக். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்துத் தெருவில் யாருக்கும் தெரியாது. 'காது' என்றால் ஊருக்கே தெரியும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "மூணாவது சிலிண்டர் சோம்பேறியா இருக்கு, பிளக்கை மாத்து" என்று சொல்லிவிடுவார். வண்டிக்காரன் இறங்கி வந்து என்ன கோளாறு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஸ்பேனரை எடுத்திருப்பார். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் மனைவி எனக்கு அக்கா.

அக்காவுக்கு ஒரு சின்னக் கார். கீழே டிப்போவிலிருந்து காலையில் ஐஸ் பெட்டிகளில் மருந்தும் தடுப்பூசியும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் மூன்று கிளினிக்குகளுக்குக் கொண்டுபோவாள். இறங்கும்போது ரத்த சாம்பிள்களை எடுத்து வருவாள். ஒன்பது வருஷமாக அது அவளுடைய ரூட். கடைசிக் கிளினிக்குக்குப் போகும் வழியில் ஒரு பாலம், இரண்டு பக்கமும் கல்சுவர். சின்னக் காரைத் தவிர வேறு எதுவும் அதில் நுழையாது.

இந்த வருஷம் பெட்டிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது. எண்ணூறு சி.சி. என்ஜின், பாவம், நாலாவது வளைவில் நின்று மூச்சு வாங்கியது. ஒரு நாள் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது, தடுப்பூசி பாழ். டிப்போ சூப்பர்வைசர் நேரிலேயே சொல்லிவிட்டார்: "ஒரு மணி நேரம் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள மேல போய்ச் சேரணும்மா. மாசக் கடைசி வியாழக்கிழமை நானே கூட வந்து பாப்பேன். ஆகலைன்னா வேன் கம்பெனிக்குக் குடுத்துடுவோம்." வேன் பாலத்தோடு நின்றுவிடும். கடைசிக் கிளினிக்கின் நர்ஸ் நடந்து இறங்கி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சூப்பர்வைசருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அக்காவுக்கு அதுதான் பெரிசு. அந்த நர்ஸுக்கு இடுப்பு வலி என்று இரண்டு தரம் என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

ஆகவே மேசைமேல் என்ஜின். ஆயிரத்து இருநூறு சி.சி., அக்காவின் தம்பி கடையிலிருந்து வந்தது. அவன் அடிபட்ட கார்களை வாங்கிப் பிரித்து விற்பவன். சின்ன வயதிலிருந்தே எல்லோரும் அவனை 'ஸ்பேர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோபித்துக்கொள்ளமாட்டான். கடை போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறான்.

அந்த என்ஜினுக்கு ஒரு டர்போ மாட்டி, அதைச் சின்னக் காருக்குள் இறக்கவேண்டும். டர்போ என்றால் புகைக்காற்றில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் ஒரு விசிறி. இதை எனக்கு அவர்கள் மூன்று பேரும் மூன்று விதமாக விளக்கினார்கள். நான் மூன்றுக்கும் தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை, ஸ்பேர் ஒரு துணிப்பையோடு வந்தான். பையிலிருந்து இரண்டு டர்போவை எடுத்து வைத்தான். ஒன்று முலாம்பழம் அளவு, இன்னொன்று முஷ்டி அளவு.

"மாமா, பெரியவனப் பாருங்க. ஊத ஆரம்பிச்சான்னா வண்டி பறக்கும்."

"எப்ப ஊத ஆரம்பிப்பான்?" என்றார் அண்ணன்.

"நாலாயிரம் சுத்துக்கு மேல."

"உங்கக்கா மலையேறும்போது என்ன சுத்துல போவா?"

ஸ்பேர் மோட்டுவளையைப் பார்த்தான். அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே சொன்னாள்: "ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து இருநூறு. அதுக்கு மேல போனா பெட்டியெல்லாம் உருண்டு என் தலைமேல வந்து உக்காரும்."

"அக்கா, உனக்கு ரசனையே இல்ல."

"எனக்கு எதுக்குடா ரசனை? நாலாவது வளைவுல மூணாவது கியர் போட்டா வண்டி சாகக் கூடாது. அது போதும். நீ பறக்கிறதுக்கு வேற யார் தலையிலயாவது கட்டு."

"சின்னவன்தான்," என்றார் அண்ணன். முஷ்டி அளவு டர்போவை எடுத்து, விரலால் விசிறியைச் சுண்டி, காதருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "பேரிங் நல்லாருக்கு."

பிஸ்டனைத் தாங்கும் ராடு விஷயத்திலும் தகராறு இல்லை. ஸ்பேர் கடையில் உறுதியான செட் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். பிஸ்டன் பழையதே போதும். கிளட்ச் கனமானதாக வேண்டும் என்று அக்கா சொன்னாள். பாலத்துக்கு முன்னால் ஏற்றத்தில் நின்று எதிர் ஆளுக்கு வழிவிட்டுக் கிளம்புகிறவள் அவள்தான், அவள் பேச்சு எடுபட்டது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கேஸ்கெட் வந்தது.

என்ஜினின் அடிப்பகுதிக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் ஒரு தகடு வைத்து இறுக்குவார்கள், அதுதான் ஹெட் கேஸ்கெட். அது தடிமனாக இருந்தால் உள்ளே பெட்ரோலும் காற்றும் கொஞ்சம் தளர்வாக நசுங்கும். சக்தி சற்றுக் குறையும். மெல்லிசாக இருந்தால் இறுக்கமாக நசுங்கும், சக்தி கூடும். ஆனால் டர்போ காற்றைத் திணிக்கும்போது ரொம்ப இறுகினால், தீப்பொறி வருவதற்குள் உள்ளே இருப்பது தானாக வெடித்துவிடும். அதை 'நாக்' என்கிறார்கள். தகர டப்பாவில் பட்டாணி கொட்டுகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

"தடிச்சது போடுறேன்," என்றார் அண்ணன்.

"எவ்வளவு தடிச்சது?"

"கடையில இருக்கிறதுலயே தடிச்சது."

ஸ்பேர் சிரித்தான். "என்ன மாமா, குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுற மாதிரி! அவ்வளவு தளர்த்தினா அக்கா வண்டி தூங்கிடும். நடுத்தரமா ஒண்ணு போடுங்க. நாக் வந்தா நீங்க கேட்டுப் பிடிச்சு டைமிங்கைக் குறைச்சுடப் போறீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி என் வண்டிக்கு நீங்கதானே மெல்லிசு போட்டீங்க?"

"அது உன் வண்டி."

"அப்ப அக்கா உயிர் உங்களுக்கு வெல்லம், என் உயிர்னா..."

"தடிச்சதுன்னா தடிச்சதுதான்டா. விடு."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஸ்பேர் முகம் சுண்டியது. அந்த வீட்டில் சாமான் தேர்ந்தெடுக்கும்போது சண்டை போடுவார்கள், ஆனால் யாரும் 'விடு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பேச்சை மாற்ற அண்ணன் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்தார், குடித்தார், கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே எதையோ தேடினார். ஃபிரிட்ஜ் கீ, கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. கதவு திறந்திருந்தால் கத்தும் ரகம். அவர் அதன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு நிதானமாகத் தேடினார். இருபது, இருபத்தைந்து தடவை கத்தியிருக்கும். அக்கா கையில் கரண்டியோடு வந்தாள், ஒன்றும் சொல்லாமல் அவரைத் தோளால் லேசாக ஒதுக்கினாள், கதவைச் சாத்தினாள், போய்விட்டாள்.

எனக்குச் சுரீரென்றது. என் தொழிலில் ஒரு ரகம் ஆட்கள் வருவார்கள். லைசென்ஸுக்குக் கண் சர்ட்டிபிகேட் வேண்டும், கண்தான் தெரியாது. அட்டையில் இருக்கும் எழுத்துகளை முன்னாடியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் அட்டையைத் திருப்பிப் போட்டால் அதே வரிசையை ஒப்பிப்பார்கள். டர்போவைச் சுண்டிக் காதருகே வைத்ததும், பிறகு கையால் ஆட்டிப் பார்த்ததும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கையால் பார்த்துவிட்டுக் காதால் கேட்டதாகக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் துணி காயப்போட அக்கா மாடிக்கு வந்தாள். நான் கேட்டே விட்டேன்.

"அக்கா, அண்ணனுக்கு..."

"தெரியும்," என்றாள். துணியை உதறினாள். "ரெண்டு வருஷமாச்சு. கட்டையான சத்தம் கேக்கும். பேசினா கேக்கும். மெல்லிசு சத்தம் எதுவும் கேக்காது. போன் அடிச்சா கேக்காது. கொசு கேக்காது, அது ஒண்ணுதான் லாபம்."

"சொல்லலையா?"

"யார்கிட்ட? அவர்கிட்டயா? அவருக்குத் தெரியாதா என்ன? எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமான்னுதான் எனக்குத் தெரியல." கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, பிறகு எடுத்தாள். "ஊரே காது, காதுன்னு கூப்பிடுது. நான் போய் எப்படிச் சொல்றது தம்பி? நீயும் வாயைத் திறக்காதே."

நான் வாயைத் திறக்கவில்லை. இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. என் கடைக்குப் பக்கத்துக் கடையே காது மெஷின் கடை.

ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பழைய ஹெட் என்பதால் அடிப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. ஒரு சீவு சீவி மட்டமாக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பேர்தான் தன் வண்டியில் எடுத்துப் போனான். மூன்றாம் நாள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, குழந்தையை எடுத்து வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த லேத்துக்காரர் பட்டறையிலிருந்து வந்த சாமானை மெக்கானிக்குகள் யாரும் திரும்ப அளக்கமாட்டார்கள். வீட்டில் போட்ட சோற்றை மோந்து பார்த்துச் சாப்பிடுவதற்குச் சமம் அது. எப்போதோ ஒருத்தர் அவர் கண்ணெதிரே அளவுகோலை வைத்துப் பார்த்தாராம். லேத்துக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாமானைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டாராம். அதன்பின் அந்த மெக்கானிக்குக்கு அங்கே வேலை நடக்கவில்லை. அவர் கண்ணுக்கு மறைவாக அளந்தால் என்ன என்று நான் கேட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் ஹெட்டின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். "கண்ணாடி மாதிரி பண்ணியிருக்கார்," என்றார். ஸ்பேர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். நான் அதைக் கவனித்தேன், சகலரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வாரம் மழையும் வேலையும். வாசல் ஷெட்டில் தார்ப்பாய் கட்டி, சங்கிலிக் கப்பியில் என்ஜினைத் தூக்கி இறக்கினார்கள். புது என்ஜின் பழையதைவிட நாலு விரல் நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ளி, முன் பம்பரை அறுத்து, உள்ளே நுழைத்தார்கள். அக்கா காலையில் கடன் வாங்கிய காரில் ரூட் போய்விட்டு மத்தியானம் வந்து டார்ச் பிடிப்பாள். எனக்கும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் கிடைத்தது. பதினாலு கேட்டால் பதினேழைக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருக்கும்போது, ஞாயிறு காலை, மலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பெட்டிகளின் எடைக்கு ஆறு தண்ணீர் கேன், ஒரு மூட்டை பழைய இரும்பு. அப்படியும் குறைந்ததாம்.

"கண்ணாடி, நீயும் ஏறு," என்றார் அண்ணன். "நாப்பது கிலோ குறையுது."

"நான் அறுபத்தெட்டு அண்ணே."

"அதுக்கென்ன, திரும்பும்போது இறக்கி விட்டுட்டு வந்துடறோம்."

பின் சீட்டில் கேன்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டேன். அக்கா ஓட்ட, அண்ணன் பக்கத்தில். அவர் முறை இப்படி: ஒரு செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டித் தட்டையாக்கி என்ஜின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்குவார். மறுமுனையில் ஒரு ரப்பர் ஹோஸ், அது உள்ளே வந்து காதை மூடும் கவசத்தில் முடியும். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ஜினுக்குள் எறும்பு நடந்தாலும் கேட்கும் என்பார். எத்தனையோ வண்டியை அப்படித்தான் சரி செய்திருக்கிறார்.

கீழே ஒரு தடவை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கை ஒரு நூல் முன்னே திருப்பினார். இரண்டாவது வளைவில் இன்னொரு நூல். வண்டி சும்மா சொல்லக்கூடாது, ஏறியது. மூன்றாவது கியரில், அவ்வளவு பாரத்தோடு, சின்னக் கார் மாதிரியே இல்லை. அக்கா முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு. "ஐயோ, இழுக்குதுங்க!" என்றாள். "நல்லா இழுக்குது!"

"எதிர்பார்த்ததுக்கு மேலயே இழுக்குது," என்றார் அண்ணன். நெற்றியைச் சுருக்கினார். ஆனால் சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டார்.

நாலாவது வளைவு. பனி லேசாக இறங்கியிருந்தது. அக்கா ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். எங்கேயோ, முன்பக்கம், மெல்லிசாக ஒரு சத்தம். சலசலவென்று, டப்பாவில் பட்டாணி. கவசம் எதுவும் இல்லாமல் பின் சீட்டில் கேன்களுக்கு நடுவில் இருந்த எனக்கே கேட்டது. அக்கா காலை எடுத்துவிட்டாள்.

"ஏன் எடுத்தே?" என்றார் அண்ணன், கவசத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி. "சுத்தமா இருக்கு. அழுத்து."

அக்கா அழுத்தவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

"நீங்க ஓட்டுங்க," என்றாள். "அதை இப்படிக் குடுங்க."

"எதை?"

"காதுல இருக்கிறதை."

அவர் கவசத்தை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார். இடம் மாறினார்கள். அதே வளைவு, கொஞ்சம் கீழே இருந்து. அவர் அழுத்தினார். அக்கா இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவர் தொடையில் அடித்தாள்.

"எடுங்க, எடுங்க, எடுங்க!"

எடுத்தார்.

"கேக்குதா?"

"கல்லு கொட்டுற மாதிரி கேக்குது."

"எனக்குக் கேக்கல," என்றார் அண்ணன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஃபிரிட்ஜ் வாங்கினதிலேருந்து," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரெண்டு வருஷமா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேனே, எனக்கே வெக்கமா இருக்கு, என்று ஏதேதோ சொன்னாள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருந்தார். நான் ஒரு கேன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், மூட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அவர்தான் முதலில் தெளிந்தார். இறங்கிப்போய், சூடு ஆறும்வரை நின்று, ஒரு பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்தார். அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

"பிஸ்டன் பொரிஞ்சு உதிருது," என்றார். "இன்னும் நாலஞ்சு ஏத்தம் போயிருந்தா ஓட்டை விழுந்திருக்கும். வியாழக்கிழமையே விழுந்திருக்கும்." பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா வரக் கூடாதே. அந்தக் கேஸ்கெட்டுக்கு இந்த டைமிங்ல நாக் வர வழியே இல்லையே. எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுதானே, கேக்காததுக்கும் சேர்த்து இடம் விட்டு வச்சேன்."

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கடையில் இருப்பதிலேயே தடித்தது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு முழுசாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் லேத்துக்காரருக்கு போன் போட்டார். ஹெட்டை அதிகம் சீவிவிட்டாரா என்று அவர் மனம் புண்படாமல் எப்படிக் கேட்பது என்று கொஞ்சம் திணறினார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கரில் லேத்துக்காரரே ஆரம்பித்தார்: "வண்டி எப்படி இழுக்குது? முக்கால் மில்லி எடுக்கச் சொன்னியே, எனக்கே கொஞ்சம் பயந்தான். ஆனா நீ சொல்லி அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு எடுத்துட்டேன்."

ஹெட்டை அவ்வளவு சீவினால், தடித்த கேஸ்கெட் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். அங்கே கூட்டியதை இங்கே கழித்தாகிவிட்டது. அண்ணன் போனை வைத்தார்.

ஸ்பேர் அரை மணி நேரத்தில் வந்தான். வரும்போதே முகத்தில் சிரிப்பு. "எப்படி மாமா, பறந்துச்சா?"

"ஹெட்டை முக்கால் மில்லி எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்." பெருமையோடு சொன்னான். "நீங்க பயந்து தடிச்சது போட்டீங்க. அக்கா மலையில திணறக் கூடாதேன்னு நான்தான் அங்க சரிக்கட்டினேன். முதல்லயே சொன்னா 'விடு'ம்பீங்க. ஓட்டிப் பார்த்து நீங்களே சந்தோஷப்பட்டப்புறம் சொல்லலாம்னு..."

"நாக் அடிக்குதுடா," என்றாள் அக்கா.

"அடிச்சா என்னக்கா? மாமா கேட்டுப் பிடிச்சுடுவாரே! அந்தக் காது இருக்கிற தைரியத்துலதானே நான் சொன்னேன்? வேற எவனாவது டியூன் பண்றதா இருந்தா நான் அப்படிச் செய்வேனா?"

 அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வெறும் மேசையின் விளிம்பைத் தேய்த்தார்.

"காது போச்சுடா மச்சான்," என்றார். "ரெண்டு வருஷமாச்சு. வண்டி வரும்போது நான் சத்தம் கேக்கிறதில்ல. புகையைப் பாக்கறேன். பானெட்டுல கைய வச்சு நடுக்கம் பாக்கறேன். அதுல நூத்துக்கு எழுபது சொல்லிடலாம். நாக் மட்டும் கைக்குத் தெரியாது."

 ஸ்பேரின் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆள். "அக்காவைக் கொல்லப் பாத்தேனே மாமா. சொல்லியிருக்கக் கூடாதா மாமா? ஒரு வார்த்தை?"

"சொல்லியிருக்கணும்," என்றார் அண்ணன். "நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நானும் அந்த ஹெட்டை ஒரு தடவை அளந்திருக்கணும். மரியாதை, மரியாதைன்னு எல்லாரும் சேர்ந்து இவ உயிரை வச்சு விளையாடியிருக்கோம். எழுந்திரு. மூஞ்சியக் கழுவு."

சீவின ஹெட்டை ஒட்டவைக்க முடியாது. வேறு ஹெட் தேட நாலு நாள் போதாது. டைமிங்கைப் பின்னே தள்ளி, டர்போவின் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் நாக் வராமல் ஏறலாம். எவ்வளவு தள்ளுவது, எவ்வளவு குறைப்பது? ரொம்பக் குறைத்தால் ஒன்றே கால் மணி நேரம் போதாது, குறைக்காவிட்டால் பிஸ்டன் போகும். நடுவில் ஒரு கோடு. அதைக் காதால்தான் பிடிக்கமுடியும்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அக்கா ரூட்டை முடித்துவிட்டு வந்ததும் மறுபடி மலைக்குப் போனார்கள். அண்ணன் ஓட்டினார், அக்கா கவசத்தை மாட்டிக்கொண்டாள். நான் கடையில் லீவு சொல்லிவிட்டு எடைக்குப் போனேன், கூப்பிடாமலே. முதல் நாள் அக்காவுக்கு எது நாக், எது டர்போவின் விசில், எது வெறும் சங்கிலிச் சத்தம் என்று குழப்பம். அண்ணன் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவெல்லாம் இல்லை. அவளிடம் கேட்டார். "எப்படி இருக்கு? அகலமா, ஒல்லியா? சீராவா, விட்டு விட்டா?" அவள் சொல்லச் சொல்ல, இறங்கிப்போய் ஒரு நூல் திருப்புவார். மறுபடி ஏற்றம். பேச்சு அதிகம் இல்லை. ரொட்டியும் அவித்த முட்டையும் பானெட் மேலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு தடவை அவள், "இப்ப இல்லை," என்றாள். அவர், "நிச்சயமா?" என்றார். "நிச்சயமா. உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா தம்பியக் கேளுங்க." அவர் என்னைக் கேட்கவில்லை. பதினாறு தரம் ஏறி இறங்கினோம். வாந்தி எடுக்காதது என் முன்னோர் செய்த புண்ணியம்.

வியாழக்கிழமை அண்ணன் கூடப் போகவில்லை, சூப்பர்வைசருக்கு இடம் வேண்டும். ஷெட்டில் நின்று ஒரே நட்டை ஒரு மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பேர் கேட்டருகில் நின்று நகம் கடித்தான். நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். கவசத்தை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தாளாம். சூப்பர்வைசர் விநோதமாகப் பார்த்தாராம்.

"என்னம்மா இது, டாக்டர் மாதிரி?"

"என்ஜின் சொல்றதைக் கேக்கிறேன் சார்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. அதுதான் நமக்கு வேணும்."

நாலாவது வளைவில் மெல்ல ஒரு பட்டாணி, இரண்டு பட்டாணி. காலை ஒரு இம்மி எடுத்தாள், நின்றுவிட்டது. பாலத்தைத் தாண்டிக் கடைசிக் கிளினிக் வாசலில் நிறுத்தியபோது ஒரு மணி பதினொரு நிமிஷம். சூப்பர்வைசர் போனைப் பார்த்து, "ம்," என்றாராம். அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாள் அவளுக்கு இரட்டைப் பெட்டிகளுக்கான சீட்டு வந்தது.

செம்புக் குழாயை அந்த வண்டியிலிருந்து கழற்றவில்லை. வேறு வண்டிகள் நாக் பார்க்க வந்தால் அண்ணன், "மத்தியானம் வா, அவ இருப்பா," என்கிறார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறார். இரண்டு பேர் வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள். ஒருவர் திரும்பி வந்தார். நான் அண்ணனிடம் பக்கத்துக் காது மெஷின் கடையைப் பற்றிச் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. லேத்துக்காரரிடம் மட்டும் அவரே நேரில் போய், இனிமேல் உங்கள் வேலையை நான் அளந்துதான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். லேத்துக்காரர் பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு சாமானோடு சேர்த்து அளவுகளை ஒரு தாளில் எழுதி அனுப்பினார்.

மேசை காலியாகிவிட்டது. போர்வையின் எண்ணெய்க் கறை மட்டும் மரத்தில் நாலு வட்டமாக இருக்கிறது, அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். என் முட்டிக்கு விடுதலை.

நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தார். முட்டைகளைக் கையால் தள்ளி, பின்னால் எதையோ தேடினார். பிறகு திரும்பாமலே சத்தமாகக் கேட்டார்:

"ஏய், கத்துதா?"

அக்கா ரொட்டியை மெல்வதை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள். "நிதானமா தேடுங்க."